நாற்பத்தொன்றாம் எண் வீட்டின் மீது புகார்

கலிஃபோர்னியா மாநிலம், டப்ளின் நகரம், வில்லோ க்ரெஸ்ட் எஸ்டேட்ஸ் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கௌரவச் செயலாளராகிய சந்தானம் என்னும் நான், பூரண சுயநினைவோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எங்கள் காலனியில் குற்றம் எதுவும் நடப்பதில்லை. அதுதான் எங்கள் பிரச்சினை.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வில்லோ மரம் ஒன்றுகூடக் கிடையாது. நூற்றைம்பது வீடுகளில் நம்மவர்கள். எல்லார் வீட்டு வாசலிலும் கேமரா. அத்தனை கேமராவிலும் இதுவரை பதிவான மர்மம் ஒன்றே ஒன்று: ஒரு காட்டு வான்கோழி வந்து, சங்கத் தலைவர் பாலசுப்ரமணியன் வீட்டு மிதியடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனது. அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் நானூற்றுச் சொச்சம் மெசேஜ் வந்தது. அவ்வளவு காய்ந்து கிடந்தோம்.

அப்படிக் காய்ந்து கிடந்த பூமிக்குத்தான் இன்ஸ்பெக்டர் ஹாப்வுட் வந்து சேர்ந்தார்.

பிரிட்டிஷ் டெலிவிஷனில் இருபத்தாறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் துப்பறியும் தொடர். அப்பர் டிம்பிள் என்று ஒரு கிராமம். மிஞ்சிப்போனால் நானூறு பேர் இருப்பார்கள். வாரத்துக்கு மூன்று கொலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதற்குள் அந்த ஊர் பத்துத் தடவை காலியாகியிருக்க வேண்டும். ஆனால் ஒருத்தர்கூட வீட்டை விற்றுவிட்டுப் போவதில்லை. பக்கத்து வீட்டில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் இந்த வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். முதல் எபிசோடைப் பார்த்து முடித்த பாலசுப்ரமணியன் உணர்ச்சிவசப்பட்டு என்னிடம் சொன்னார்:

“இத்தனை மர்டர் நடந்தும் ப்ராப்பர்ட்டி வேல்யூ இறங்கவே இல்லை பாருங்க சந்தானம். அதுய்யா ஏரியா!”

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ‘அப்பர் டிம்பிள் ரசிகர் மன்றம்’ என்று வாட்ஸ்அப் க்ரூப் ஆரம்பித்து, ஒரே வாரத்தில் அறுபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். வெயில் நூறு டிகிரி அடிக்கிற ஊரில் ஆண்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வாக்கிங் போனார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பீங்கான் கோப்பையில் பாலில்லாத டீயைக் குடித்துவிட்டு, அது இறங்காமல் பின்னாலேயே ஒரு டம்ளர் காபி குடித்தோம்.

மற்றவர்களுக்கு ரோஜாவும் கோப்பையும் பிடித்திருக்கலாம். எனக்குப் பிடித்த காரணம் வேறு. நான் இருபத்தெட்டு வருஷமாக சாஃப்ட்வேர்க்காரன். எங்கள் ஆபீஸில் ஏதாவது பெரிய தப்பு நடந்துவிட்டால் உடனே ஒரு மீட்டிங் போடுவோம். முதல் ஸ்லைடிலேயே ‘இங்கே யாரையும் குறை சொல்லக் கூடாது’ என்று எழுதியிருக்கும். அதற்கு ப்ளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். பிணம் நடுவில் கிடக்கும். கொன்றவன் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான். நாங்கள் ‘கத்தி ஏன் இவ்வளவு கூர்மையாக இருந்தது’ என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்துவிட்டு, நடைமுறையில் ஓட்டை, அதாவது ‘ப்ராசஸ் கேப்’ என்று எழுதி வைத்துவிட்டுக் கலைவோம்.

ஹாப்வுட் கதையில் இந்த வேலையே கிடையாது. கடைசிப் பத்து நிமிஷத்தில் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, பழுப்புக் கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து விரலை நீட்டுவார். நீட்டின மாத்திரத்தில் அந்த ஆள் ‘ஆமாம், நான்தான்’ என்று சொல்லிவிட்டு, சின்ன வயசிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். வக்கீல் கேட்க மாட்டான். எச்.ஆரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டான். அந்த ‘நான்தான்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கண்ணில் ஜலமே வந்துவிடும். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட என் காதில் விழாத வார்த்தை அது.

என் மனைவி ஜலஜாவுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் கிடையாது. அவள் மிருதங்க வித்வான். மெட்ராஸில் நல்ல சபாக்களில் பக்கவாத்தியம் வாசித்தவள். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து, டிபெண்டன்ட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று பதினொரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினொரு வருஷமும் சமையல் மேடையில் அவள் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். கிரீன் கார்டு வந்த அடுத்த வாரமே, கராஜிலிருந்த என் ட்ரெட்மில்லைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு க்ளாஸ் ஆரம்பித்துவிட்டாள். இப்போது பன்னிரண்டு குழந்தைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு மிருதங்கமும் ஒன்றாகக் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஐந்தடி இடைவெளி. அடுத்த வீட்டுக்காரர் நஜ்முதீன், கீழக்கரைக்காரர், சிப் டிசைன் பண்ணுகிறவர். ஆறு வருஷமாக அந்தப் பன்னிரண்டு மிருதங்கத்தையும் ஐந்தடி தூரத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒரு முகச்சுளிப்பு இல்லை. ஒரே ஒரு தடவை, “அக்கா, மூணாவதா உக்கார்ற பையன் கொஞ்சம் பின்னாடியே வர்றானே?” என்று கேட்டார். சரியாகத்தான் சொல்லுகிறார் என்றாள் ஜலஜா.

இந்த நிலையில்தான் மார்ச் மாதம் முதல் வாரத்தில், எங்கள் காலனியை நிர்வகிக்கும் கம்பெனியிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு, அதாவது செயலாளராகிய என் வீட்டுக்கு.

முதல் கடிதம்: தங்கள் வீட்டிலிருந்து அளவு மீறிய சத்தம் வருவதாக ஒரு குடியிருப்பாளர் புகார் செய்திருக்கிறார். புகார் பதிவான நாள் அக்டோபர் 17, மதியம் 2.10. இரண்டாவது கடிதம்: தங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதாக ஒரு குடியிருப்பாளர் புகார் செய்திருக்கிறார். புகார் பதிவான நாள் அக்டோபர் 17, மதியம் 2.12. இரண்டிலும் பெயர் கிடையாது. ஆன்லைன் புகார் போர்ட்டல் இப்போதுதான் அமலுக்கு வந்திருப்பதால் கடிதம் அனுப்பத் தாமதமாகிவிட்டது என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

எங்கள் சங்க விதிப்படி, வருஷத்தில் மூன்று புகார் சேர்ந்தால் அந்த வீட்டில் க்ளாஸோ தொழிலோ நடத்த அனுமதி ரத்து. காமாக்ஷி என்று ஒரு அம்மாள் கராஜில் தோசை மாவு விற்றுக்கொண்டிருந்தபோது, அதை ஒழிப்பதற்காகக் கொண்டுவந்த விதி. கொண்டுவந்தவன் நான். அந்தப் போர்ட்டலை வாலண்டியராக எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அதற்காக எனக்கு ஒரு ஷீல்டுகூடக் கொடுத்தார்கள்.

“ரெண்டு வந்தாச்சு. இன்னும் ஒண்ணு வந்தா க்ளாஸ் போயிடும்” என்றாள் ஜலஜா. அவள் குரல் இறங்கிவிட்டது. “ஏன்னா, உடனே பதில் எழுதுங்கோ. குழந்தைகள் செருப்பை உள்ளே வைக்கச் சொல்லிடறேன். கராஜுக்குத் துணி அடிச்சுடலாம்.”

“பதிலா முக்கியம்? யார் எழுதினான்னு கண்டுபிடிக்கறதுதான் முக்கியம்.”

“யார் எழுதினா எனக்கென்ன? எனக்கு க்ளாஸ் நடக்கணும்.”

“உனக்குப் புரியலை. ரெண்டே நிமிஷ இடைவெளியில ரெண்டு புகார். இது ஒரு ஆள் வேலை இல்லை. சதி.”

 ஜலஜா செருப்பு வைக்க ஒரு ஷெல்ஃப் வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். நான் வேறு ஒரு கடைக்குப் போய், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற பழுப்புக் கோட் ஒன்று வாங்கினேன்.

கோட் இல்லாமல் விசாரிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதைப் போட்டுக்கொண்டதும் இருபத்தெட்டு வருஷமாக என்னிடம் இல்லாத ஒரு கம்பீரம் வந்தது. கூடவே வேர்க்குருவும் வந்தது. முதலில் பதினாறு வீடுகளில் விசாரணை நடத்தினேன். ஒரே கேள்வி. முதல் வீடு பாலசுப்ரமணியன்.

“அக்டோபர் பதினேழு மதியம் ரெண்டு மணிக்கு எங்கே இருந்தீங்க?”

“ஆபீஸ் கால்ல இருந்தேன்.”

“சாட்சி?”

“நாப்பது பேர் இருந்தாங்களே கால்ல.”

“கால்ல உங்க கேமரா ஆன்ல இருந்ததா?”

பாலசுப்ரமணியன் கோப்பையைக் கீழே வைத்தார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். இப்படியே பதினாறு வீட்டிலும் யாருக்கும் கேமரா ஆனில் இல்லை. பட்டப்பகலில், வேலை நேரத்தில், பதினாறு பேர் எங்கே போனார்கள் என்று பதினாறு மேனேஜர்களுக்கும் தெரியாது. அப்பர் டிம்பிளில்கூட இவ்வளவு சந்தேகத்துக்குரிய ஜனங்கள் கிடையாது. விசாரித்த வீடுகளில் மறுநாளிலிருந்து ஒருத்தரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. ஹாப்வுட்டுக்கும் ஊரில் யாரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள் என்பதால், விசாரணை சரியான திசையில் போகிறது என்று முடிவு செய்தேன்.

பதினேழாவதாக நஜ்முதீன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரஹ்மத் டீயும் வட்டிலப்பம் என்கிற இனிப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். வட்டிலப்பத்தை முடித்துவிட்டுக் கேள்வியைக் கேட்டேன்.

“அக்டோபர் பதினேழா?” என்று நஜ்முதீன் போனில் தேடினார். “அன்னிக்குக் காலையில உங்களைத்தானே ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன்? மெட்ராஸ் போயிட்டு வந்தீங்களே. ஃப்ரீவேல டிராஃபிக், ரெண்டு மணி நேரம் ஆச்சு. வீட்டுல உங்களை இறக்கிவிட்டு, பெட்டியெல்லாம் தூக்கி உள்ள வெச்சேன். ஜெட் லாக்ல என்னையே யாருன்னு கேட்டீங்க.”

“அது காலையில. மதியம்?”

“மதியம் தூங்கிட்டேன், சந்தானம். உங்களுக்காகக் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சேன்ல?”

இருபத்தாறு வருஷ சீரியல் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. எவனிடம் இவ்வளவு சுத்தமான அலிபி இருக்கிறதோ, அவனைத்தான் பார்க்க வேண்டும். துப்பறிகிறவனையே ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்திருக்கிறான் என்றால் எவ்வளவு முன்யோசனை இருந்திருக்க வேண்டும்!

அடுத்தது தடயம். மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் செய்தித்தாளிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டுவார்கள். எங்களுக்கு வந்த புகார் ஆன்லைனில் வந்தது என்பதும், ஆன்லைன் புகாரில் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை காலை, தெருவோரம் வைத்திருந்த நஜ்முதீனின் நீலக் குப்பைத் தொட்டியைத் திறந்து, இடுப்பு வரை குனிந்து தேடினேன். கடலைப் பருப்புப் பை, பிட்ஸா அட்டை, அவர் பெண் ஃபைஹாவின் காலேஜ் கவர் ஒன்று. பின்னால் குரல் கேட்டது.

“சந்தானம், என் குப்பைத் தொட்டியில என்ன தேடறீங்க?”

தலையை வெளியே எடுத்தேன். நஜ்முதீன் ஆபீஸ் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாய், நீங்க எங்கேயும் ஊரை விட்டுப் போகக் கூடாது.”

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவர் கத்தவில்லை. முகம் மட்டும் சிவந்து, “ஆறு வருஷம்...” என்று ஏதோ ஆரம்பித்து, முடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் மூன்றாவது புகார் வந்தது. அதில் பெயர் இருந்தது. ‘41-ஆம் எண் வீட்டுக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு என் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார். இதை நிறுத்தச் சொல்லவும். நஜ்முதீன், எண் 43.’

நிர்வாகக் கம்பெனியின் மேனேஜர் நவநீத் எனக்குப் போன் பண்ணி, “சார், உங்க வீட்டுக்கு மூணு ஆயிடுச்சு. மிருதங்க க்ளாஸ் பர்மிஷன் கேன்சல் ஆகுது. ஹியரிங் ஞாயித்துக்கிழமை” என்றான்.

விஷயம் கேள்விப்பட்டு நஜ்முதீன் பதறிப்போய் ஓடி வந்தார். “அக்கா, நான் சந்தானம் மேலதான் கம்ப்ளெய்ன்ட் பண்ணேன். க்ளாஸ் மேல இல்ல!”

“புகார் ஆள் மேல விழாது பாய், வீட்டு எண் மேலதான் விழும். சிஸ்டம் அப்படி” என்றேன். சிஸ்டத்தை எழுதியவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

 ஜலஜா கராஜுக்குப் போய் மிருதங்கங்களுக்கு உறை போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக நாடாவை இழுத்துக் கட்டினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  ஆனால் மூளை வேறு பக்கம் ஓடியது: மூன்றாவது புகார் நஜ்முதீன் என்றால், முதல் இரண்டும் வேறு யாராக இருக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு க்ளப்ஹவுஸில் ஹியரிங். அப்பர் டிம்பிள் ரசிகர் மன்றம் பூராவும் ஆஜர். பன்னிரண்டு குழந்தைகளின் அப்பா அம்மாக்களும் வந்திருந்தார்கள். சொல்லப்போனால் இரண்டும் ஒரே கூட்டம்தான். எல்லாரையும் அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டேன்.

“பெரியோர்களே. நம்மில் ஒருவர், முகத்தில் சிரிப்போடு, கையில் வட்டிலப்பத்தோடு, இந்தக் காலனியின் நிம்மதியைக் குலைத்திருக்கிறார். விதி பதினாலு உட்பிரிவு மூன்றின்படி, முதல் இரண்டு புகாரையும் கொடுத்தவர் பெயரை வெளியிடும்படி கோருகிறேன். நவநீத், திரையில போடுங்க.”

நான் நஜ்முதீனைப் பார்த்துத் திரும்பி, கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து, விரலை நீட்டினேன். நவநீத் லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தினான். ப்ரொஜெக்டரில் எழுத்துகள் ஆளுயரத்துக்கு வந்தன.

புகார் ஒன்று. வீடு 41. சத்தம். விவரம்: ‘மிருதங்கம் டெஸ்ட் டெஸ்ட் 123’. புகார் கொடுத்தவர்: சந்தானம்.

புகார் இரண்டு. வீடு 41. செருப்பு. விவரம்: ‘முதலில் பட்டன் வேலை செய்யவில்லை, மறுபடி டெஸ்ட்’. புகார் கொடுத்தவர்: சந்தானம்.

 என் விரல் இன்னும் நஜ்முதீனை நோக்கி நீட்டியபடியே இருந்தது.

ஞாபகம் வந்துவிட்டது. ஜெட் லாக்கில் தூக்கம் வராமல், மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து போர்ட்டலை டெஸ்ட் பண்ணினேன். ஊரார் வீட்டு எண்ணைப் போட்டால் தப்பாகிவிடுமே என்று நல்லெண்ணத்தோடு என் வீட்டு எண்ணையே போட்டேன். டெஸ்ட்டுக்குப் போட்டதை அழிக்காமல் அப்படியே அமலுக்கு அனுப்பிவிட்டேன். இந்த வேலையைச் செய்ததற்காக ஆபீஸில் எத்தனை சின்னப் பையன்களை நான் தாளித்திருக்கிறேன்!

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஜலஜாவும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிற முகம். எனக்கும் அந்த வார்த்தை தெரியும். அதைக் கேட்டுத்தானே வாராவாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்? வாயைத் திறந்தேன்.

“இது ஒரு ப்ராசஸ் கேப்” என்றேன்.

கூட்டம் மூச்சு விட்டது. அந்த நிம்மதியை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். “கரெக்ட்! யாரையும் ப்ளேம் பண்ண வேண்டாம்” என்றார் பாலசுப்ரமணியன். “டெஸ்ட்டுக்குத் தனி சர்வர் இல்லாததுதான் ரூட் காஸ்” என்றார் ஒருவர். “ஜெட் லாக் பாலிசி வேணும்” என்றாள் ஒரு அம்மாள். ஒரு கமிட்டி அமைப்பது என்று அரை நிமிஷத்தில் முடிவாயிற்று. கமிட்டிக்குத் தலைவராக, விஷயம் தெரிந்தவன் என்பதால், என்னையே போட்டார்கள்.

“அப்போ புகார் ரத்துதானே? என் க்ளாஸ் இருக்கோல்லியோ?” என்று கேட்டாள் ஜலஜா.

நவநீத் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். “புகாரைக் கொடுத்தவர்தான் வாபஸ் வாங்கணும் மேடம். ‘நான் கொடுத்தது பொய்ப் புகார்’னு கையெழுத்துப் போடணும். பொய்ப் புகார் கொடுத்தவருக்கு ஆறு மாசம் க்ளப்ஹவுஸ் கிடையாது, சங்கத்துல பதவியும் கிடையாது. மூணுல ஒண்ணு வாபஸ் ஆனாக்கூடப் போதும், க்ளாஸ் இருக்கும்.”

இரண்டு என்னுடையவை, ஒன்று நஜ்முதீனுடையது. கையெழுத்துப் போட வேண்டியவன் யார் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“இதை அப்புறமா ஆஃப்லைன்ல பேசலாமே” என்றேன்.

நஜ்முதீன் எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஜலஜாவை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராக நவநீத்திடம் போனார். “எங்க போடணும்?” என்று கேட்டு, நான் கொடுத்தது பொய்ப் புகார் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். குப்பைத் தொட்டிக்குள் என் தலை இருந்தது நிஜம். அது பொய் என்று கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் அவர் பெண் ஃபைஹா காலேஜ் முடித்ததற்கான விருந்தை அதே க்ளப்ஹவுஸில் வைப்பதாக இருந்தது. இரண்டு மாதம் முன்பே புக் பண்ணியிருந்தார். ரசீது போட்டுக் கொடுத்தவன் நான். பின்வரிசையில் ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“பாய் ரொம்ப மெச்சூர்டு” என்று பாலசுப்ரமணியன் கை தட்ட, எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அவரே, “விதிப்படி பாய்க்கு ஆறு மாச க்ளப்ஹவுஸ் தடை. ஆட்சேபணை இருக்கிறவங்க கை தூக்கலாம்” என்றார்.

ஜலஜா கையைத் தூக்கினாள்.

“மாமி, ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. உங்க வீட்டு ஓட்டு சார் பேர்ல இருக்கு.”

எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என்ற முறையில் நான் அப்போது கூட்டத்தின் நடவடிக்கைகளை டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். என் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன. ‘ஏகமனதாக’ என்று டைப் பண்ணினேன்.

வீடு திரும்பினோம். ஜலஜா வாசலில் செருப்பைக் கழற்றி ஷெல்ஃபில் வைத்தாள். நான் டி.வி. ரிமோட்டைத் தேடினேன். கை அதன்பாட்டுக்குத் தேடியது.

“இன்ஸ்பெக்டரா? பாருங்கோ, பாருங்கோ” என்றாள். “எனக்கு நான்தான்னு சொல்றவாளைப் பார்க்க டி.வி. வேண்டாம். நம்ம பக்கத்தாத்துலேயே ஒருத்தர் இருக்கார். தப்புப் பண்ணாமலே சொன்னார்.”

நான் கோட்டைக் கழற்றினேன். உள்ளே சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஃபைஹாவின் விருந்து எங்கே நடக்கும் என்பதை ஜலஜாதான் முடிவு செய்தாள். என்னைக் கேட்கவில்லை. கராஜிலும் பின்கட்டுப் புல்தரையிலும் பந்தல் போட்டு, பன்னிரண்டு குழந்தைகளின் வீட்டுக்கும் மெசேஜ் அனுப்பினாள்: இந்த வாரம் க்ளாஸ் கிடையாது, எல்லாரும் வந்து நாற்காலி தூக்கணும். வந்தார்கள். ரஹ்மத் ஒரு பக்கம் பிரியாணி, ஜலஜா இன்னொரு பக்கம் சாம்பார் சாதம், பாயசம். பன்னிரண்டு மிருதங்கத்தோடு ஃபைஹாவை உள்ளே அழைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது பையன் அன்றைக்குத் தாளம் தப்பவில்லை. நஜ்முதீன் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, “சாப்டீங்களா?” என்று கேட்டார். அதற்கு மேல் தாங்க முடியாமல் நான் எச்சில் இலை எடுக்கப் போய்விட்டேன். பாலசுப்ரமணியன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, “க்ளப்ஹவுஸைவிட இதுதான்யா ஹோம்லி” என்று நஜ்முதீனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். நூற்றுப்பத்துப் பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவிலும் வாங்கிக்கொண்டு, வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை நிர்வாகக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜலஜா காபியைக் கீழே வைத்துவிட்டுப் பிரித்து உரக்கப் படித்தாள். வீடு 41. மூன்றாவது புகார். புகார் வகை: மற்றவை. விவரம்: கடைசியாக வந்தவர்களுக்குப் பாயசம் கிடைக்கவில்லை. பெயர் கிடையாது.

படித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

“சத்தியமா நான் இல்லை, ஜலஜா” என்றேன்.

“நான் இன்னும் கேக்கவே இல்லையே” என்றாள்.